இல்லாத ஃபைலைத் தேடிய கம்ப்யூட்டர்

பஸ் டிப்போவின் டைம் கீப்பர் அன்று காலையில் நான்காவது முறையாக 'சரி' என்ற பொத்தானை அழுத்தினார். திரையின் நடுவில் நின்ற சின்னப் பெட்டி மறைந்தது. பத்து நிமிடம் கழித்து, வாசல் வரை போன விருந்தாளி எதையோ கேட்க மறந்து திரும்பி வருவது போல, அது மறுபடியும் வந்து நின்றது.

'குறிப்பிட்ட ஃபைலைக் காணவில்லை' என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஃபைலின் பெயர்: எக்ஸ், க்யூ, இஸட், ஏழு.

"என்ன டாக்டர், பேஷண்ட் இன்னும் முனகுறாரு போல?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் கண்டக்டர் அம்மா. டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அடுத்தவர் வேலையை மேற்பார்வை செய்வதில் அவருக்கு இருபது வருட அனுபவம்.

'டாக்டர்' பட்டம் கிடைத்து முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை. டிப்போவின் ஒரே கம்ப்யூட்டருக்குள் புகுந்திருந்த வைரஸை முந்தைய நாள் மாலையில் டைம் கீப்பர் தன் கையாலேயே விரட்டியிருந்தார். பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர், தான் கட்டும் வீட்டின் படங்களைக் காட்டுவதற்காகச் செருகிய பென் டிரைவோடு வந்த வைரஸ் அது. முறைப்படி தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தால் ஆள் வர ஒரு வாரம் ஆகும். ஆகவே டைம் கீப்பர் தானே ஒரு துப்புரவு புரோகிராமை ஓட்டினார். 'நாற்பத்தொரு வைரஸ்கள் பிடிபட்டன' என்று திரை அறிவித்தபோது டிரைவர்கள் கைதட்டினார்கள். மேனேஜரும் கைதட்டினார். அவர் கைதட்டி அந்த டிப்போ அதற்கு முன் பார்த்ததில்லை.

டைம் கீப்பர் அந்தக் கைதட்டலுக்குத் தகுதியானவர்தான். எதையும் செய்வதற்கு முன் நோட்டில் எண் போட்டு எழுதுவார். செய்த பிறகு அதற்கு எதிரே என்ன ஆயிற்று என்று எழுதுவார். முப்பத்தாறு பஸ், எழுபத்திரண்டு டிரைவர். யாருக்கு இடுப்பு வலி, யார் மனைவிக்கு எந்தக் கிழமை ஆஸ்பத்திரி, எந்த டிரைவரும் எந்தக் கண்டக்டரும் பேசிக்கொள்வதில்லை என்பதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் அவர் ட்யூட்டிப் பட்டியல் போடுவார். அவர் அந்த நாற்காலிக்கு வந்த பிறகு டிப்போவில் சண்டை பாதியாகக் குறைந்தது. பட்டியல் பலகையில் ஏறாமல் ஒரு பஸ்ஸும் கேட்டைத் தாண்டாது என்பது அங்கே சட்டம்.

சின்னப் பெட்டியால் வேலை ஒன்றும் கெடவில்லை. 'சரி' என்றால் போய்விடும். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் டாக்டர் என்று பெயர் வாங்கிய பிறகு எப்படி விடுவது?

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ஹெட் மெக்கானிக், கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி. "இன்ஜின்ல ஒரு நட்டு காணோம்னா என்ன பண்ணுவோம்? வேற நட்டு போடுவோம். ஃபைல் காணோம்னு கேக்குது. ஒரு ஃபைலை வச்சு விடுங்க."

டைம் கீப்பர் நோட்டைத் திறந்து 'ஒன்று' என்று எழுதினார். வெறும் ஃபைல் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, அதே பெயரைச் சூட்டி, பெட்டி சொன்ன அதே இடத்தில் வைத்தார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டார்.

இப்போது இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று, 'இது சரியான ஃபைல் இல்லை' என்றது. மற்றது, அதைத் திறக்க முடியவில்லை என்று வருத்தம் தெரிவித்தது.

"உங்க நட்டு சேரலைய்யா" என்றார் டைம் கீப்பர்.

"சைஸ் தப்பு" என்று சொல்லிவிட்டு ஹெட் மெக்கானிக் நழுவப் பார்த்தார்.

"எங்க போறீங்க? குறை பிரசவத்துல விட்டுட்டு?" என்று கண்டக்டர் அம்மா அவரைப் பிடித்து நிறுத்தினார்.

இதற்குள் பதினேழாம் நம்பர் டிரைவர் வந்து சேர்ந்தார். வைரஸைக் கொண்டுவந்த குற்ற உணர்ச்சியில் அவர் நேற்றிலிருந்து எல்லோருக்கும் ஏதாவது உதவி செய்யத் துடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பிடிச்ச வைரஸை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு ஜெயில்ல அடைச்சு வச்சிருக்குன்னு நேத்து சொன்னீங்களே?"

"ஆமா."

"அதுல அந்த ஒரே ஒரு ஃபைலை மட்டும் வெளிய விட்டா, காணோம்னு கேக்காதுல்ல?"

"யோவ், அது கைதிய்யா."

"நிரந்தரமா வேணாம்ணே. பரோல்ல."

மற்ற நாளாக இருந்தால் டைம் கீப்பர் சிரித்திருப்பார். அன்று ஜன்னலில் ஏழெட்டுத் தலைகள் இருந்தன. 'இரண்டு' என்று எழுதி, அந்த ஒரு ஃபைலை மட்டும் விடுதலை செய்தார். அணைத்துப் போட்டார்.

பெட்டி வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. ஜன்னலில் விசில் பறந்தது. டைம் கீப்பர் நோட்டில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடு இட்டார். கோடு முடிவதற்குள் திரையிலிருந்த ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வைரஸ் வீடு திரும்பியிருந்தது.

மேனேஜர் உள்ளே நுழைவதற்கு அந்த நிமிடத்தையே தேர்ந்தெடுத்தார்.

"மதியப் பட்டியல் எங்க?"

"இதுக்குள்ளதான் சார் இருக்கு."

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே."

"இருக்கு சார். கண்ணுக்குத்தான் தெரியல."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து. "ஒரு மணிக்குப் பட்டியல் பலகையில ஏறலைன்னா முப்பத்தாறு பஸ்ஸும் இங்கயே நிக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க ரோட்டுல நிக்கும். நேத்து நானும் சேர்ந்துதான் கைதட்டினேன், இல்லைங்கல. ஆனா தலைமை ஆபீஸ்ல கேட்டா கைதட்டினேன்னா சொல்ல முடியும்? ஒரு மணி. இல்லன்னா நாளையிலேருந்து நீங்க டயர் குடோன். இந்த நாற்காலியை ஸ்பேர் பார்ட்ஸ் கிளார்க் பார்த்துப்பார்."

அவர் போன பிறகும் டைம் கீப்பர் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். டயர் குடோன் வேலை இரவு ஒன்பது வரை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மதிய ஷிப்ட். நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் ஏழு வயது மகளுக்குக் கதவைத் திறக்க வேறு ஆள் கிடையாது. இந்த நாற்காலியைத் தேடி அவர் ஆறு விண்ணப்பம் எழுதியதே அந்தக் கதவுக்காகத்தான்.

மறுபடியும் துப்புரவு புரோகிராமை ஓட்டினார். இருபத்தைந்து நிமிடம் ஓடியது. இந்தத் தடவை நாற்பத்து மூன்று.

"வெளிய போயிட்டு வந்ததுல குடும்பம் பெருத்திருக்கு" என்றார் கண்டக்டர் அம்மா.

ஃபோல்டர்கள் திரும்பின. சின்னப் பெட்டியும் திரும்பியது. இப்போது அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரவில்லை. 'சரி' என்று அழுத்திய மறு நொடியே வந்தது. பட்டியல் புரோகிராமைத் திறக்கவே விடவில்லை.

மூன்றாவது யோசனை டைம் கீப்பருடைய சொந்த யோசனை. கம்ப்யூட்டர் விழித்ததும் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும் என்பதை அவர் எங்கோ படித்திருந்தார். தேடிப் பிடித்தார். பத்தொன்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். பாதிப் பெயர் வாயில் நுழையவில்லை. எது குற்றவாளி என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பத்தொன்பது டிக்கையும் எடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் விழித்தது. பெட்டி இல்லை. பட்டியல் புரோகிராம் திறந்தது. அதில் எழுபத்திரண்டு டிரைவர்களும் எழுபத்திரண்டு வரிசைச் சதுரங்களாக மாறியிருந்தார்கள். தமிழ் எழுத்தைக் கொண்டுவரும் புரோகிராமும் அந்தப் பத்தொன்பதில் ஒன்று. பிரிண்டரை எழுப்புவது இன்னொன்று.

"இதுல நான் யாருண்ணே?" என்று பதினேழாம் நம்பர் டிரைவர் திரையில் குனிந்து தேடினார்.

"நீளமான பேரு உனக்குத்தானே? சதுரத்தை எண்ணிப் பாரு" என்றார் ஹெட் மெக்கானிக்.

கதவருகே ஒருவர் தொண்டையைச் செருமினார். ஸ்பேர் பார்ட்ஸ் கிளார்க். கையில் ஒரு குஷன் வைத்திருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நாற்காலி எவ்வளவு உயரம்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். எனக்கு முதுகு வலி."

"பன்னெண்டு பத்துதான் ஆகுது!" என்று கண்டக்டர் அம்மா கத்தினார். "பொணத்தை எடுக்கிற வரைக்குமாவது பொறுய்யா!"

டைம் கீப்பர் பத்தொன்பது டிக்கையும் திரும்பப் போட்டார். எழுத்து வந்தது, பிரிண்டர் விழித்தது, பெட்டியும் வந்தது. நோட்டை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு, காலையிலேயே செய்திருக்க வேண்டியதை, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு செய்தார். சுவரில் ஒட்டியிருந்த பழைய தொலைபேசிப் பட்டியலில் 'தலைமை அலுவலகம், கம்ப்யூட்டர் பிரிவு' என்ற வரியைக் கண்டுபிடித்து, அந்த நம்பரை அழுத்தினார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

எடுத்த குரல் வாய் திறப்பதற்குள் இவர் கொட்டிவிட்டார். "மேடம், டிப்போவிலேருந்து பேசுறேன். ஒரு ஃபைல் காணோம்னு வருது, ஒரு மணிக்குள்ள சரியாகலைன்னா என் வேலையே போயிடும் மேடம்."

"பதறாதீங்க" என்றது மறுமுனை. நடுத்தர வயதுப் பெண் குரல். உலகத்தில் இதுவரை யாருக்கும் எந்த அவசரமும் வந்ததில்லை என்பது போன்ற நிதானம். "முதல்ல உக்காருங்க. உக்காந்தாச்சா? தண்ணி குடிச்சீங்களா?"

டைம் கீப்பர் உட்கார்ந்தார். கண்டக்டர் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"இப்ப சொல்லுங்க. காணோம்னு யார் சொல்றது? நீங்களா, வேற யாருமா?"

டைம் கீப்பர் யோசித்தார். காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. "நான் இல்ல மேடம். கம்ப்யூட்டர்தான் சொல்லுது."

"சரி, எழுதிக்கிட்டேன். பேரு, அடையாளம்?"

அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

"கடைசியா அது யார் கையில இருந்துச்சு?"

"என் கையிலதான் மேடம். நேத்து சாயங்காலம் நானே அழிச்சேன். அது வைரஸ்."

"அப்ப அது காணாமப் போகல. நீங்களே தூக்கிப் போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அது உங்களுக்குத் திரும்ப வேணுமா?"

"ஐயோ, வேணாம் மேடம்! காலையில ஒருதரம் வந்துட்டுப் போனதே போதும்."

"பொருள் வேணாம், ஆனா ஒருத்தர் தேடுறாரு. அப்ப நீங்க பொருளைப் பார்க்காதீங்க, தேடுறவரைப் பாருங்க. அதைத் தேடச் சொல்லி எங்கயோ ஒரு சீட்டு பதிவாகியிருக்கும். அந்தச் சீட்டைக் கிழிக்கிற வரைக்கும் அவர் தினம் வந்து ஜன்னல்ல நின்னு கேப்பாரு. அவரைத் திட்டிப் பிரயோசனமில்ல. அவர் கடமையைத்தானே செய்யுறாரு?"

ஹெட் மெக்கானிக் கிரீஸ் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மரியாதைக்குரிய இடத்தில்தான் அவர் அப்படிச் செய்வார்.

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று பதினேழாம் நம்பர் டிரைவர் கிசுகிசுத்தார்.

"அந்தச் சீட்டு இருக்கிற பட்டியல் என்கிட்ட இருக்கு மேடம்!" என்றார் டைம் கீப்பர். "பத்தொன்பது பேர். கொஞ்ச நேரம் முன்னாடி எல்லாரையும் மொத்தமா எடுத்தேன், எல்லாமே நின்னுபோச்சு."

"மொத்தமா எதையும் தூக்கக் கூடாதுங்க. அடுத்தவங்க பொருளும் அதுல கலந்திருக்கும். ஒவ்வொண்ணா கையில எடுங்க. இது யாருதுன்னு கேளுங்க. சொந்தக்காரர் இருந்தா எடுத்த இடத்துலயே வைங்க."

டைம் கீப்பர் ஒவ்வொன்றாகப் படித்தார். பிரிண்டர்: இருக்கட்டும். தமிழ் எழுத்து: இருக்கட்டும். கடிகாரம், ஒலி, மவுஸ். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, எதிரே சொந்தக்காரர் பெயரை எழுதினார். மறுமுனை அவசரப்படுத்தவில்லை. "ம்… ம்… அடுத்தது" என்று மட்டும் சொன்னது. பதினான்காவது பெயர் வெறும் எண்களாக இருந்தது. அதன் அருகே சின்ன எழுத்தில், எதைத் தேட வேண்டும் என்ற குறிப்பு: எக்ஸ், க்யூ, இஸட், ஏழு.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார் கண்டக்டர் அம்மா.

டிக்கை எடுத்தார். அணைத்துப் போட்டார். மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. ஸ்பேர் பார்ட்ஸ் கிளார்க்கூடக் குஷனை மறந்து எட்டிப் பார்த்தார்.

எழுத்து வந்தது. பிரிண்டர் விழித்தது. சின்னப் பெட்டியும் வந்தது.

டைம் கீப்பர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "மேடம், இன்னும் வருது மேடம். அதேதான்."

"அதே பொருளா?"

"அதேதான்."

"அப்ப ரெண்டு சீட்டு" என்றது குரல், ஒரு துளி பதற்றமும் இல்லாமல். "அவசரக்காரங்க அப்படித்தான். ஒரு இடத்துல எழுதிக் கொடுத்தது போதாதுன்னு, வேற பேர்ல வேற இடத்துலயும் கொடுத்து வைப்பாங்க. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. எதைத் தேடுதுன்னு மட்டும் பாருங்க. முதல் சீட்டுக்குப் பக்கத்துல இல்லாம, யாரும் பார்க்காத வேற இடத்துல இருக்கும்."

பட்டியலுக்கு அடுத்த பக்கம் ஒன்று இருந்தது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓட வேண்டிய வேலைகளின் பக்கம். அவற்றை எழுப்பும் புரோகிராமும் பத்தொன்பதில் ஒன்று என்பதால்தான், மொத்தமாக எடுத்தபோது பெட்டி வரவில்லை. டைம் கீப்பர் அதை அதுவரை திறந்ததே இல்லை. நான்கே வரிகள். மூன்றாவது வரிக்கு 'தினசரிப் பராமரிப்பு' என்று மிக மரியாதையான பெயர். என்ன தேடுகிறது என்று பார்த்தார். எக்ஸ், க்யூ, இஸட், ஏழு.

"பேரைப் பாருய்யா, பராமரிப்பாம்" என்றார் ஹெட் மெக்கானிக். "நம்ம ஒர்க்‌ஷாப்பே தோத்துடும்."

டைம் கீப்பர் அந்த வரியை நீக்கினார். அணைத்துப் போட்டார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. பெட்டி வரவில்லை. பட்டியல் திறந்தது. எழுபத்திரண்டு பேரும் சொந்தப் பெயரோடு நின்றார்கள். பிரிண்டர் இருமிவிட்டு, தாளை வெளியே தள்ளியது.

ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டியல் பலகையில் ஏறியது. முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியது. பதினேழாம் நம்பர் டிரைவர், தன் பஸ்ஸுக்குப் போகும் வழியில் திரும்பி வந்து டைம் கீப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். டைம் கீப்பர் நோட்டில் 'நான்கு' என்று எழுதி, எதிரே எதையும் எழுதாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று, நன்றி சொல்லாமல் ரிசீவரை மேனேஜரிடம் கொடுத்தார்.

கடைசிப் பத்து நிமிடமாகக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம், வணக்கம். இந்த டிப்போ மேனேஜர் பேசுறேன். முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மூளையை நான் பார்த்ததில்ல. கண்ணால பார்க்காமலே, கையால தொடாமலே, ஒரு கம்ப்யூட்டரை இவ்வளவு துல்லியமா புரிஞ்சுக்க முடியும்னா, அது சாதாரண விஷயம் இல்ல. உங்களைப் பாராட்டி இன்னைக்கே மேலிடத்துக்குக் கடிதம் எழுதப்போறேன். கம்ப்யூட்டர் பிரிவுல உங்க பதவி என்னன்னு சொன்னீங்கன்னா, அதைத் தப்பில்லாம போட்டுடுவேன்."

"கம்ப்யூட்டர் பிரிவா? அவங்க மூணாவது மாடிக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றது அந்த நிதானமான குரல். "இது பஸ்ல காணாமப் போன பொருளை ஒப்படைக்கிற பிரிவு. எனக்குக் கம்ப்யூட்டரைப் போடக்கூடத் தெரியாது. குடையோ ஃபைலோ, காணோம்னு யார் கூப்பிட்டாலும் இதையேதாங்க கேப்பேன். ஃபோனை வச்சிடாதீங்க, என் படிவத்துல ஒரு கட்டம் மட்டும் இன்னும் காலியா இருக்கு: அதை எந்த நம்பர் பஸ்ல விட்டீங்க?"